லீசுக்கு எடுத்த காருக்கு சர்வீஸ் செலவு வீணா?

கேள்வி: “மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் மகன் வேலை செய்கிறான். கம்பெனி மூலமாக மூன்று வருட லீசில் புதுக் கார் எடுத்திருக்கிறான். வார நாட்களில் வேலைக்குப் போய்வருகிறான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் கழனிக்கும் சந்தைக்கும் அதே கார்தான். சர்வீஸ் விடச் சொல்லி ஷோரூமிலிருந்து போன் மேல் போன் வருகிறது. மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கப்போகிற காருக்கு எதற்கு இந்தச் செலவு? வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?”

- ஒரு வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: கார் கம்பெனி கொடுத்த கையேட்டில் உள்ள சர்வீஸ் அட்டவணையைத் தவறவிடக் கூடாது. அதே நேரம், சர்வீஸ் சென்டரில் சொல்கிற எல்லாமே அந்த அட்டவணையில் உள்ளவை அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் செலவு குறையும், காரைத் திருப்பிக் கொடுக்கும்போது தகராறும் வராது.

உரமா, வண்டலா?

கேள்வி கேட்டவரின் கணக்கு விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் யாரும் ஏரி வண்டல் அடிப்பதில்லை. வண்டலின் பலன் பல போகங்களுக்கு நிற்கும். நிலமோ அடுத்த வருடமே கைமாறிவிடலாம். அதற்காக அந்தப் போகத்துக்கு வேண்டிய உரத்தைப் போடாமல் விடுகிற குத்தகைதாரரும் கிடையாது. உரம் போடாவிட்டால் நஷ்டம் நிலக்காரருக்கு அல்ல, பயிர் வைத்தவருக்குத்தான்.

லீஸ் காரையும் இப்படியே பார்க்க வேண்டும். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் சோதனை, டயர் மாற்றிப் போடுவது எல்லாம் இந்தப் போகத்து உரம். இதன் பலன் மூன்று வருடத்துக்குள் ஓட்டுகிறவருக்கே வந்துவிடும். பெயின்டுக்கு மேல் போடும் கோட்டிங், நான்காவது ஐந்தாவது வருடத்துக்கு விற்கப்படும் கூடுதல் வாரண்டி போன்றவை வண்டல். அவற்றின் பலன் அடுத்து அந்தக் காரை வாங்குகிறவருக்குப் போகும். முதல் வகையை விடக் கூடாது. இரண்டாவது வகைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

நிலக் குத்தகைக்கும் கார் லீசுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாகுபடிக் குத்தகைதாரருக்குத் தமிழ்நாட்டில் 1955-ம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. அவரைச் சும்மா வெளியேற்றிவிட முடியாது. கார் லீசில் அப்படி எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் எல்லாம். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படிதான் வரவும் செலவும்.

முதலில் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்

லீசில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மாதத் தவணைக்குள்ளேயே பராமரிப்பும் சேர்ந்திருக்கும். மற்றொன்றில் பராமரிப்பு ஓட்டுகிறவர் பொறுப்பு.

பராமரிப்பு சேர்ந்த லீஸாக இருந்தால், சர்வீஸ் விடாமல் இருப்பது ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணத்தை விட்டுவிடுவதாகும். ஷோரூமிலிருந்து வரும் போன், காசு கட்டி முடித்த வேலைக்கான அழைப்பாகக்கூட இருக்கலாம். பராமரிப்பு சேராத லீஸாக இருந்தாலும், “உற்பத்தியாளரின் அட்டவணைப்படி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அப்படி இருந்தால் சர்வீஸைத் தவிர்ப்பது ஒப்பந்தத்தை மீறுவது. திருப்பிக் கொடுக்கும் நாளில் அதற்கான தொகையைப் பிடித்துக்கொள்ள லீஸ் கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும்.

மகனிடம் உள்ள ஒப்பந்தத்தில் ஐந்து விஷயங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

1. சர்வீஸ், டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் யார் பணம் கட்ட வேண்டும்?

2. வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கிறதா? தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு?

3. திருப்பிக் கொடுக்கும்போது எது சாதாரணத் தேய்மானம், எது சேதம் என்று எழுதியிருக்கிறதா? மண் பாதையிலும் வரப்போரத்திலும் ஓடும் காருக்கு இது முக்கியம்.

4. மகன் வேலையை விட்டாலோ, கம்பெனி ஆட்குறைப்பு செய்தாலோ லீஸ் என்ன ஆகும்?

5. காரில் மூட்டை ஏற்றுவதற்கோ, கேரியர் போன்றவற்றைப் பொருத்துவதற்கோ தடை இருக்கிறதா?

ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மகன் ஒரு முறை உட்கார்ந்து வீட்டில் எல்லோருக்கும் தமிழில் சொல்லிவிடுவது நல்லது. கார் வீட்டுக்கு வந்த பிறகு அதை ஓட்டுகிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்லவே.

சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் யார்?

“கார் நம்முடையது இல்லையே” என்ற எண்ணம்தான் சர்வீஸைத் தள்ளிப்போட வைக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு ‘உரிமையாளர்’ என்பதற்கு விளக்கம் தருகிறது. தவணை, லீஸ், அடமானம் ஆகிய ஒப்பந்தங்களில் உள்ள வண்டிக்கு, அந்த ஒப்பந்தப்படி வண்டியை யார் கைவசம் வைத்திருக்கிறாரோ அவரே உரிமையாளர் என்கிறது அந்தப் பிரிவு. 2008-ல் கோதாவரி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை ஒட்டியே தீர்ப்பு சொன்னது. வண்டி கையில் இல்லாத நிதி நிறுவனத்தின் மேல் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பைச் சுமத்த முடியாது என்பது அதன் சாரம்.

தேய்ந்துபோன பிரேக்கால் விபத்து நடந்தால், “இது லீஸ் கம்பெனி கார்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பழுதான வண்டியை ஆபத்தான நிலையில் ஓட்டுவது அதே சட்டத்தின் 190-வது பிரிவில் குற்றம். இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஒரு நிபந்தனை உண்டு. வண்டியை நல்ல ஓட்ட நிலையில் பராமரிக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். சர்வீஸ் பதிவு ஒழுங்காக இருந்தால் இந்த மூன்று இடத்திலும் அதுவே சாட்சி.

நன்றாக ஓடும் காருக்கு ஏன் ஆயில்?

எஞ்சின் ஆயில் கெட்டுப்போவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. சத்தம் வராது, இழுவை குறையாது. சத்தம் வரும் நாளில் தேய்மானம் நடந்து முடிந்திருக்கும். மண்ணில் சத்து குறைவதும் இப்படித்தான். இலை மஞ்சளாவதற்கு வெகு நாள் முன்பே வேர் பட்டினி கிடக்கும்.

ஆயில் வெறும் வழவழப்புக்கு மட்டும் அல்ல. எஞ்சினில் உருவாகும் சூட்டையும் கரியையும் துகள்களையும் சுமந்து வருவதும் அதன் வேலை. நாளாக நாளாக அது கெட்டியாகும். குறைந்த தூரம் ஓட்டி நிறுத்தினால் எஞ்சின் முழுதாகச் சூடேறாது. அப்போது ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். “பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது” என்று கையேட்டில் எழுதியிருப்பது இதனால்தான். காரை அதிகம் ஓட்டவில்லை என்பது சர்வீஸைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

மாருதி போன்ற கம்பெனிகளில் வழக்கமான கணக்கு இது: 1,000 கி.மீ. அல்லது ஒரு மாதம், 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம். இந்த மூன்றும் ‘இலவச’ சர்வீஸ்கள். கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர் மாற்றினால் அவற்றுக்குக் காசு உண்டு. அதன் பிறகு ஒவ்வொரு 10,000 கி.மீ.க்கும் அல்லது ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு சர்வீஸ். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். காருடன் வந்த கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. போனில் சொல்கிறவர் சொல்வது அல்ல.

கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். தூசி நிறைந்த சாலை, நின்று நின்று போகும் நெரிசல், அடிக்கடி குறுகிய தூரப் பயணம் எல்லாம் அதில் வரும். சிங்கபெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஊர்ந்து, ஞாயிற்றுக்கிழமை கழனிப் புழுதியிலும் ஓடும் கார் இந்தப் பட்டியலில்தான் சேரும். ஏர் ஃபில்டரை முன்கூட்டியே பார்க்கச் சொல்ல வேண்டும்.

டீசல் காராக இருந்தால் இன்னொரு கவனம் தேவை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாய் வரிசையில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கிறது. கார் தொடர்ந்து சிறிது நேரம் வேகமாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். எப்போதும் அருகில் அருகிலேயே ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி ஜி.எஸ்.டி. சாலை போன்ற நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டு ஓட்டிவர வேண்டும். விளக்கைப் பார்த்தும் பாராமல் விட்டால் செலவு பெரிதாகும்.

மறைமலை நகர் கண்ட பாடம்

கார் சர்வீஸ் பதிவின் மதிப்பை மறைமலை நகரை விட நன்றாக அறிந்த ஊர் குறைவு. இங்கே உள்ள ஃபோர்டு ஆலையிலிருந்து 1999-ல் ஐகான், 2010-ல் ஃபிகோ, 2013-ல் எக்கோஸ்போர்ட் என்று வரிசையாகக் கார்கள் வந்தன. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையின் கடைசிக் கார் வெளியே வந்தது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் காரை விற்க நினைத்தவர்களிடம் வாங்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, சர்வீஸ் பதிவு முழுதாக இருக்கிறதா என்பதுதான். கம்பெனியே உற்பத்தியை நிறுத்திவிட்ட நிலையில், கார் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதற்கு அந்தப் பதிவைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

எக்கோஸ்போர்ட்டில் வந்த 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சின் இன்னொரு உதாரணம். அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடும்படி அமைக்கப்பட்டது. கம்பெனி சொன்ன தரத்து ஆயிலை ஊற்றாமலோ, காலத்தில் மாற்றாமலோ விட்டால் பெல்ட்டே உதிரத் தொடங்கும். உதிர்ந்த துகள்கள் ஆயில் போகும் வழியை அடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆயிலின் தரமும் காலமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. எந்திரம் உடைந்த பிறகு பழுதுபார்க்கக் கூடாது, ஓட்டுகிற தொழிலாளியே தினமும் துடைத்து, எண்ணெய் விட்டு, சோதித்து வைக்க வேண்டும் என்ற முறை ஜப்பானில் டொயோட்டா குழுமத்தின் நிப்பான்டென்சோவில் உருவானது. 1971-ல் அதற்காக அந்த ஆலை விருதும் பெற்றது. இன்று இந்தப் பகுதி ஆலைகளிலும் இது சாதாரண நடைமுறை. ஆலையில் கம்பெனி எந்திரத்துக்குச் செய்வதை மகன் லீஸ் காருக்கும் செய்தால் போதும். வாரம் ஒரு முறை ஆயில் அளவு, கூலன்ட் அளவு, டயர் காற்று. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, காசும் கிடையாது.

எதை மறுக்கலாம்?

சர்வீஸ் சென்டரில் காரை விட்டதும் ஒரு பட்டியல் நீட்டுவார்கள். எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏ.சி. கிருமி நீக்கம், அடிப்பாகக் கோட்டிங், உள்ளே பாலிஷ் என்று அது நீளும். பில் பெருப்பது பெரும்பாலும் இங்கேதான். கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்தக் கிலோமீட்டருக்கு இந்தப் புத்தகத்தில் உள்ளதை மட்டும் செய்யுங்கள்” என்று சொல்லலாம். அதற்கு மேல் எதையும் செய்யும் முன் போன் செய்து கேட்க வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வைக்கலாம். மாற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்வதும் வாடிக்கையாளரின் உரிமை.

இந்தப் பட்டியலை மறுத்ததற்காக வாரண்டி போகாது. அட்டவணையில் உள்ள சர்வீஸை விட்டால்தான் வாரண்டிக்குச் சிக்கல். பல கம்பெனிகள் இப்போது மூன்று வருட வாரண்டி தருகின்றன. லீஸும் மூன்று வருடம் என்றால், லீஸ் காலம் முழுவதும் பெரிய பழுதுக்குக் கம்பெனியே பொறுப்பு. சர்வீஸைத் தவறவிட்டதால் அந்த வாரண்டி மறுக்கப்பட்டால், எஞ்சின் வேலைக்கான பில் மகன் தலையில் விழும்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு சர்வீஸ் செலவு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்கு 24,000 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 670 ரூபாய். லீஸ் தவணையோடு இந்தத் தொகையையும் மாதாமாதம் எடுத்து வைத்துவிட்டால், சர்வீஸ் வரும் மாதத்தில் கைக்கடன் வாங்க வேண்டியிருக்காது. விதைக்கும் உரத்துக்கும் முன்கூட்டியே எடுத்து வைப்பது போலத்தான் இதுவும்.

ஊர் மெக்கானிக்கிடம் விடலாமா?

சொந்தக் கார் என்றால், வாரண்டி முடிந்த பிறகு நம்பிக்கையான ஊர் மெக்கானிக்கிடம் விடுவதில் தவறில்லை. லீஸ் காரில் அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அங்கீகரிக்கப்பட்ட சென்டர் என்று எழுதியிருந்தால் அங்கேதான் விட வேண்டும். ஊர் மெக்கானிக் நன்றாகவே வேலை செய்திருந்தாலும், கம்பெனியின் கம்ப்யூட்டரில் அந்தப் பதிவு ஏறாது.

அமெரிக்காவில் வெளியே சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக் கூடாது என்று 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்துக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கியது. அதில் விவசாயக் கருவிகளும் வாகனங்களும் சேர்க்கப்பட்டிருப்பது விவசாயிகளுக்கு நல்ல செய்தி.

சர்வீஸ் சென்டரோ லீஸ் கம்பெனியோ நியாயமில்லாமல் பணம் பிடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பில்லும் பதிவும் கையில் இருந்தால்தான் பேச முடியும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

இந்தக் கேள்வி காரோடு முடிவதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையிடம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் டிராக்டருக்கு விவசாயி சர்வீஸ் பார்க்க வேண்டியதில்லை. அது துறையின் வேலை. தவணையில் எடுத்த டிராக்டரோ மினி லாரியோ அப்படியல்ல. கடன் முடியும் வரை ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், பராமரிப்பும் பொறுப்பும் ஓட்டுகிறவருடையது. டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. பெரும்பாலான டிராக்டர்களுக்கு முதல் சர்வீஸ் 50 மணி நேரத்தில் வரும். புது எஞ்சினும் கியரும் ஒன்றோடொன்று உராய்ந்து பழகும்போது உதிரும் உலோகத் துகள்கள் அந்த முதல் ஆயிலோடுதான் வெளியே போக வேண்டும். நடவு நேரத்து அவசரத்தில் இதைத் தள்ளிப்போடுவது பல இடங்களில் நடக்கிறது. மணி மீட்டரைப் பார்த்து, உழவு தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முன்

லீஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். மூன்றாவது வருட சர்வீஸ் எந்தத் தேதியில் வருகிறது, அதை யார் செய்ய வேண்டும் என்று லீஸ் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டும். லீஸ் முடிந்த பிறகு வரவேண்டிய ஸ்பார்க் பிளக், கூலன்ட் போன்ற மாற்றங்களை முன்கூட்டியே செய்யச் சொன்னால் மறுக்கலாம். அது அடுத்தவரின் போகத்துக்கான செலவு.

சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்க வேண்டும். காரைத் துடைத்து நான்கு பக்கமும், உள்ளேயும், மீட்டரையும் தேதியோடு படம் எடுக்க வேண்டும். பார்வையிட வருகிறவர் எழுதும் அறிக்கையில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், நிலுவையில் உள்ள அபராதம் ஆகியவற்றை முடித்து, காரை ஒப்படைத்ததற்கு ரசீதும் வாங்க வேண்டும். ரசீது கைக்கு வரும் வரை அந்தக் காரால் வரும் எந்த வம்புக்கும் மகன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே, அடுத்த முறை ஷோரூமிலிருந்து போன் வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த சர்வீஸ் கையேட்டின் எந்தக் கிலோமீட்டருக்கானது? இதற்கான பணம் லீஸ் தவணையில் சேர்ந்திருக்கிறதா? கையேட்டில் உள்ள சர்வீஸ்தான் என்றால், தேதி வாங்கிக்கொண்டு காரைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.